சாட்சி மரியசூசை

9 ஜனவரி 2023, திங்கள்

காலை பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். பாரிசிலிருந்து வருகிறாளாம். பெயர் செலின். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முகத்தைப் பார்த்தால் வியட்நாம்காரி. வாயைத் திறந்தால் அசல் காரைக்கால் தமிழ். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"தையக்கார சந்தியாகு வீடு இதுதானே?" என்றாள்.

சந்தியாகு என் கொள்ளுத்தாத்தா. அவர் செத்து எண்பத்தைந்து வருஷம் ஆகிறது. இந்தத் தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்லி வீடு கேட்பதில்லை.

உட்காரச் சொன்னேன். விஷயத்தை நிதானமாகச் சொன்னாள். சந்தியாகு சைகோனில் தையல் கடையில் வேலை பார்த்தபோது அங்கே ஒரு பெண்ணோடு வாழ்ந்தாராம். ஒரு மகள் பிறந்தாளாம். அந்த மகளின் பேத்தி இவள். கையில் ஒரு நீல ஃபைல் வைத்திருந்தாள். அவள் இருந்த நேரம் முழுக்க அதைத் திறக்கவே இல்லை.

பத்திரப் பதிவு ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். தூரத்திலிருந்து சிரித்துக்கொண்டே ஃபைலோடு வருகிற சொந்தக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு வருஷமாகக் குடும்ப வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன். மே மாதக் குடும்பக் கூட்டத்துக்குள் புத்தகம் அச்சாகி வரவேண்டும். இருநூற்றுப் பதினோரு பேர் கொண்ட வம்சாவளி. எனக்கு ஆதாரம் கிடைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான், சந்தியாகுவின் சைகோன் காலம். சரியாக அந்த ஓட்டை வழியாக இவள் நுழைகிறாள்.

என் மனைவி லூர்து அவளுக்கு இரண்டு தடவை காப்பி கொடுத்தாள்.

10 ஜனவரி, செவ்வாய்

பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. பூட்டை மாற்றினேன்.

12 ஜனவரி, வியாழன்

எதிர்வீட்டுக் கிழவரிடம் அந்தப் பெண் விசாரித்திருக்கிறாள். எவ்வளவு காலமாக எங்கள் குடும்பம் இங்கே இருக்கிறது, முன்பு வேறு யாராவது இங்கே தங்கியிருந்தார்களா என்றெல்லாம். வாசல் கதவைப் போட்டோ எடுத்தாளாம். வீட்டுக்கு அடிபோடுகிறாள் என்று நினைத்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய உரிமை எதுவும் சட்டத்தில் நிற்காது. எனக்குத் தெரியும். இருந்தாலும் சும்மா இருக்க முடியவில்லை.

அவள் சொல்வது பொய் என்று காட்டப் பதிவேடுகள் போதும். நகராட்சியில் ஆவண அறைக்குப் போனேன். அங்கே தனபால் எனக்குப் பழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார். என் பிரெஞ்சு பழசுதான், ஆனால் பதிவேட்டுப் பிரெஞ்சு எனக்குப் பிடிபடும்.

1898, கல்யாணப் பதிவு. சந்தியாகு, வயது 22, தையற்காரர். மணப்பெண் ரோசலி, வயது 17. கீழே சந்தியாகுவின் கையெழுத்து, தமிழில். துணியில் பூ வேலை செய்த மாதிரி வளைந்து வளைந்து போகிற எழுத்து. 'கு'வின் வாலை அடுத்த வரி வரை இழுத்திருந்தார். பார்க்கப் பெருமையாக இருந்தது.

1911, என் தாத்தாவின் பிறப்புப் பதிவு. தகப்பன் சந்தியாகு, 35, தையற்காரர். கீழே கையெழுத்து இல்லை. 'கையெழுத்திடத் தெரியாதென்று கூறினார்' என்று எழுதியிருந்தது.

கையில் ஊசி ஏறிப் புண்ணாகி இருக்கலாம்.

இரண்டையும் பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன். புண்ணானவன் 'முடியவில்லை' என்பானே தவிர 'தெரியாது' என்பானா? குமாஸ்தா சோம்பேறித்தனமாக எழுதியிருப்பான்.

13 ஜனவரி, வெள்ளி

மோட்டார் ரிப்பேர். மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. நாள் அதிலேயே போயிற்று.

15 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் லூர்து ஆரம்பித்தாள்.

"புத்தகத்துல அமிர்தம் பேரைப் போட்டுடுங்களேன்."

"போட்டிருக்கேன். எங்கப்பாவுக்குக் கீழ ரெண்டு பிள்ளைங்க. இன்னாசி, அமிர்தம்."

"அதோட நிறுத்திட்டீங்களே. அவ புருஷன், பிள்ளைங்க?"

"கோயில்ல நடக்காத கல்யாணம்."

"கோயில்ல நடக்காத கல்யாணம் நாலு இருக்கு உங்க புத்தகத்துல. நான்தானே புரூஃப் பார்த்தேன்."

இன்னாசி நான். அமிர்தம் என் தங்கை. நிரவியில் இருக்கிறாள், இங்கிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம். இருபத்தெட்டு வருஷமாகப் பேச்சில்லை. அவள் கட்டிக்கொண்ட ஆள் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறான். தொழிலைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் பிறத்தியார் அழுக்கைத் தொட்டதில்லை என்று அப்பா சொல்வார், அவ்வளவுதான்.

லூர்து இரண்டு நாளாக அந்தப் பாரிஸ்காரியோடு போனில் பேசுகிறாள். நான் உள்ளே போனால் குரல் இறங்கிவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்துவிட்டாள் செலின்.

18 ஜனவரி, புதன்

செலின் மறுபடி வந்தாள். லூர்துதான் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். மீன் குழம்பு வேறு.

கூடத்தில் சந்தியாகுவின் படம் மாட்டியிருக்கிறது. 1930 வாக்கில் எடுத்தது. தையல் மெஷின் பக்கத்தில் கோட்டு போட்டு நிற்பார். போன தடவை அவள் முன்னறையோடு போய்விட்டாள், இன்றைக்குத்தான் படத்தைப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கிட்டப் போனாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தாள்.

"இவரு யாரு அண்ணே?"

"யாரா? உங்க கொள்ளுத்தாத்தான்னு நீங்கதானே சொன்னீங்க. சந்தியாகு."

தண்ணீர் கேட்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

பொய்யை விலாவாரியாகச் சொல்ல வந்தவளுக்கு முகம் ஒத்துவரவில்லை போலிருக்கிறது. எனக்குத் திருப்தி.

19 ஜனவரி, வியாழன்

திருப்தி நிற்கவில்லை. அகப்பட்டுக்கொண்டவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் முகம் அப்படி இல்லை. தெரிந்த ஆளைப் பார்த்த முகம்.

20 ஜனவரி, வெள்ளி

அவள் தங்கியிருக்கிற லாட்ஜுக்கு நானே போனேன். வரவேற்பறையில் உட்கார்ந்தோம்.

"இங்க பாருங்க, சுத்தி வளைக்க வேணாம். உங்களுக்கு என்ன வேணும்? வீட்ல பங்கா?"

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"அண்ணே, நான் சொல்லாமலே போயிடலாம்னு இருந்தேன். நீங்க புத்தகம் போடுறீங்கன்னு லூர்து அக்கா சொன்னாங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை."

"என்னத்தைச் சொல்லாம?"

நீல ஃபைலைத் திறந்தாள். முதலில் ஒரு காகிதம். சைகோன் நகராட்சி, 1907 ஆகஸ்ட் மாதம், மரணப் பதிவு. இறந்தவர் சந்தியாகு, தையற்காரர், வயது 31, காரைக்காலில் பிறந்தவர், ரோசலியின் கணவர். வாந்திபேதி. மரணத்தை அறிவித்தவர் ராயப்பன், வயது 28, இஸ்திரி போடுபவர், இறந்தவரின் நண்பர். கையெழுத்திடத் தெரியாதென்று கூறினார்.

அடுத்தது ஒரு போட்டோ. தையல் கடை வாசல். நாலைந்து பேர். நடுவில் தோளில் அளவு நாடாவோடு ஒரு ஒல்லி மனிதர். "இதுதான் சந்தியாகு" என்றாள். பின்னால், பெரிய இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, சட்டையில்லாமல், சிரித்துக்கொண்டு ஒருவன்.

எங்கள் கூடத்துப் படத்தில் இருப்பவர். இருபத்தைந்து வயது குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். வலது புருவத்துக்கு மேல் உள்ள தழும்புகூட.

"நான் சந்தியாகுவைத் தேடி வரலை அண்ணே. அவரு செத்ததுதான் எங்களுக்குத் தெரியுமே. ராயப்பனைத் தேடித்தான் வந்தேன். எங்க பாட்டிக்கு ஞானஸ்நானத்துல கையில ஏந்தின ஞானத்தகப்பன் அவருதான். அடுத்த வருஷம் கப்பல் ஏறினாரு. சந்தியாகுவோட மெஷினைத் தூக்கிக்கிட்டு, அவரு பெஞ்சாதிகிட்ட சேதி சொல்லிக் குடுத்துட்டு வர்றேன்னு போனவரு, திரும்பி வரலை. எங்க வீட்டுல மூணு தலைமுறையா தமிழ்தான், ராத்திரி செபத்துல அவரு பேரைச் சொல்லுவோம். என்ன ஆனாருன்னு பாக்கணும்னு அம்மா சாகுறப்ப சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச விலாசம் சந்தியாகு வீடு ஒண்ணுதான்."

எழுந்து வந்துவிட்டேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

21 ஜனவரி, சனி

அந்த மரணப் பதிவின் பிரதியை லூர்து வாங்கி வந்திருந்தாள். இருபது தடவை பார்த்தேன். முத்திரை, எழுத்துப் பாணி, வரிசை எண், ஓரக் குறிப்பு. போலிப் பத்திரம் எத்தனையோ பிடித்திருக்கிறேன். இதில் பிடிக்க ஒன்றுமில்லை.

பிறகு 1911 பிறப்புப் பதிவை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். போன வாரம் நான் தகப்பன் பெயரோடு நின்றுவிட்டேன். சாட்சிகளைப் பார்க்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன், சாட்சியைப் பார்க்கவில்லை.

முதல் சாட்சி: மரியசூசை, 41, கொத்தனார், தகப்பனின் அண்ணன்.

சந்தியாகுவின் சொந்த அண்ணன். தம்பி முகம் தெரியாதவரா? வந்திருப்பவன் தம்பி இல்லை என்று தெரிந்தே, 'இவன் என் தம்பி' என்று அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எதையோ வாங்கிக்கொண்டு போட்டிருக்கிறார்.

23 ஜனவரி, திங்கள்

கோயில் அலுவலகத்தில் பழைய கல்யாணப் புத்தகங்களைக் கேட்டேன். பங்குச் சாமியார் என்னிடமே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான்கு வருஷ ஆராய்ச்சியில் நான் அந்த அலமாரியைத் திறந்ததில்லை. 1898 கல்யாணம்தான் நகராட்சியில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு என்று விட்டிருந்தேன்.

1909 மே. ராயப்பன், சலவைக்காரர். ரோசலி, சைகோனில் இறந்துபோன சந்தியாகுவின் விதவை. சாட்சி மரியசூசை.

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆண்டவர் முன்னால் பொய் சொல்லவில்லை. அரசாங்கத்திடம்தான் சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்திருப்பார்கள். இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பூசைக்கு வந்த அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். ஊருக்கே தெரியும். இரண்டு வருஷம் கழித்து நகராட்சியில் ராயப்பன் சந்தியாகுவாகி நிற்கிறார். ஒரு ஆள் போய்ச் சொல்லவில்லை.

எங்களுக்கு மட்டும்தான் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா? அழுக்கைத் தொட்டதில்லை என்று அத்தனை தடவை ஏன் சொன்னார்?

25 ஜனவரி, புதன்

மரியசூசைக்கு என்ன கிடைத்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இரண்டு நாள் பழைய ஆபீசில் உட்கார்ந்தேன். கூட வேலை பார்த்த பையன்கள் இப்போது அதிகாரிகள், நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

இந்த வீடு 1900இல் சந்தியாகு பெயரில் வாங்கியது. அவருக்கு ரோசலியிடம் பிள்ளை இல்லை. இறந்துவிட்டார் என்று பதிவானால் அந்தக் கால வழக்கப்படி வீடு அண்ணனுக்குப் போயிருக்கும். ரோசலி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருப்பாள். சந்தியாகு உயிரோடு இருக்கிறார் என்றால்தான் அவள் இருக்கலாம்.

ஆக அந்தக் கையெழுத்தால் வீட்டை இழந்தவர் ஒருவர்தான். கையெழுத்துப் போட்டவர்.

நம்பவில்லை. 1909 முதல் 1930 வரை மரியசூசை பெயரில் கிரயம், ஒத்தி, தானம் ஏதாவது இருக்கிறதா என்று அட்டவணை முழுக்கப் பார்த்தேன். இல்லை. வீட்டுவரிப் பதிவேட்டில் அவர் பெயரே கிடையாது. நான்கு பிள்ளைகளோடு கடைசிவரை ஆற்றங்கரைப் பக்கம் குடிக்கூலி வீட்டில் இருந்து செத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிய கொத்தனார்.

எங்கேயாவது ஒரு கணக்கு இருக்கும் என்று தேடினேன். இல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து எங்கள் பத்திரக் கட்டைப் பிரித்து வரிசைப்படுத்தினேன். 1995இல் அமிர்தம் வீட்டில் தன் பங்கை விட்டு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரமும் அதில் இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

27 ஜனவரி, வெள்ளி

செலின் நாளைக்குக் கிளம்புகிறாள். கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். ஆட்டோவில் போனோம், லூர்துவும் வந்தாள்.

கல்லில் 'சந்தியாகு, 1876 - 1938' என்று இருக்கிறது. அவள் பூவை வைத்துவிட்டு முழங்காலில் நின்றாள். 'ராயப்பனுடைய ஆத்துமம்' என்று சத்தமாகவே சொல்லி ஜெபித்தாள். அந்தப் பெயரை அந்த இடத்தில் எண்பத்தைந்து வருஷத்தில் யாராவது சொல்லியிருப்பார்களா தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில்.

"அன்னைக்கு லாட்ஜ்ல பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"எதை அண்ணே?" என்றாள்.

கூடத்துப் படத்தைக் கொண்டுபோய் ஒரு பிரதி போட்டு வைத்திருந்தேன். கொடுத்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பதிலுக்குச் சைகோன் போட்டோவின் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அச்சகத்துக்குப் போன் செய்து புத்தகத்தை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

30 ஜனவரி, திங்கள்

பத்து மணி பஸ்ஸில் நிரவி போனேன். லூர்துவிடம் எண்ணெய் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன்.

கடை கோயில் தெருத் திருப்பத்தில். அமிர்தத்தின் புருஷன் பழனிவேல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வாங்க" என்றார். அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

மேஜையில் விரித்திருந்த சட்டை எனக்குத் தெரிந்த சட்டை. ஆகாய நீலம், பையில் மைக்கறை.

"இது என் சட்டை."

"ஆமா. லூர்து அக்கா கொண்டாந்து குடுப்பாங்க."

"எவ்வளவு நாளா?"

"இருக்கும், பதினஞ்சு பதினாறு வருஷம்."

வியாழக்கிழமை நவநாள் பூசைக்கு என்று லூர்து பையோடு கிளம்புவாள். பதினாறு வருஷம் இந்த மனிதர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். லூர்து மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

அமிர்தம் உள்ளேயிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். இளைத்திருக்கிறாள்.

"யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"இல்லை."

"அப்ப எதுல கையெழுத்து வேணும்?"

"ஒண்ணுலயும் வேணாம் அமிர்தம். புத்தகத்துக்குப் பிள்ளைங்க பேரு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பேரைக் குடுத்தா அதுக்கு மேல என்ன எழுதிக்குவே?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சைகோன், ராயப்பன், ரோசலி, மரியசூசை. பழனிவேல் சட்டையை மடித்து வைத்துவிட்டு வேலையை நிறுத்திக் கேட்டார். அமிர்தம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முடித்ததும் கேட்டாள். "அந்த அண்ணன்காரரு போட்ட கையெழுத்தால வீடு யாருக்குப் போச்சு?"

"ரோசலிக்கு. ரோசலிக்கும் ராயப்பனுக்கும்."

"அவரு கையெழுத்துப் போட்டாரு. நீ கையெழுத்து வாங்கினே. வீட்டுவரியில பேரு மாத்தணும், இங்க போடு, இங்க போடுன்னு. நாலு பக்கம். நானும் அண்ணன்தானேன்னு போட்டேன்."

அப்படிச் சொல்லி வாங்கினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

உள்ளே போய்விட்டாள். பழனிவேல் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். பஸ் வந்ததும், "சட்டையை எடுத்துக்கிட்டுப் போறீங்களா, இல்ல வியாழக்கிழமை அக்கா வரட்டுமா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன்.

2 பிப்ரவரி, வியாழன்

அப்படித்தான் சொல்லி வாங்கினேன்.

4 பிப்ரவரி, சனி

கோயம்புத்தூரில் இருக்கிற மகளுக்குப் போன் செய்து வீட்டு விஷயத்தைச் சொன்னேன். "அத்தைக்குப் பாதி போகணும்னு அம்மா எப்பவோ சொல்லிட்டாங்கப்பா" என்றாள். எல்லோரும் எல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள்.

புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன். கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போவார்கள். போகட்டும். மரியசூசைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அவருக்குப் படம் இல்லை.

9 பிப்ரவரி, வியாழன்

இன்று பத்திரம் பதிவாயிற்று. வீட்டில் சரிபாதி அமிர்தத்துக்கு. பத்திரத்தை நானே எழுதினேன். நேற்று அவளுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தேன்.

பதினொன்றரைக்குப் பழனிவேலோடு பதிவு ஆபீஸ் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் அனுப்பிய பிரதியைப் பையிலிருந்து எடுத்து, மேஜையில் இருந்த அசலோடு வரி வரியாக ஒப்பிட்டாள். விரலை வைத்துக்கொண்டு வாசித்தாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். குமாஸ்தா என்னைப் பார்த்தான். வாசிக்கட்டும் என்றேன்.

மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். "இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, குமாஸ்தாவைக் கேட்டாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், எழுதியவன் நான். குமாஸ்தா சொன்னான். "இதுல நான் எதையும் விட்டுக்குடுக்கலையே?" இல்லை என்றான். அப்புறம் அதே வரியைப் பழனிவேலிடம் காட்டினாள். அவரும் வாசித்தார். அப்புறம் ரிஜிஸ்திராரிடமே போய்க் கேட்டாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்துநாலு வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தவன்.

கடைசியில் போட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும், நிதானமாக. லூர்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் ஆட்டோவில் ஏறப்போனவள் திரும்பி நின்றாள்.

"எழுதிக்கோ. பெரியவ பேரு மதிவதனி. தொண்ணூத்தேழு, ஜூன் மூணு."

பையில் பேனா இருந்தது, காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். 'ழ'வா 'ள'வா என்று கேட்க அந்தப் பெயரில் ஒன்றுமில்லை, இருந்தாலும் ஒரு தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

"சின்னவன்?"

பையை ஆட்டோவுக்குள் வைத்தாள்.

"அதை அப்புறம் சொல்றேன்" என்று ஏறிக்கொண்டாள்.

வம்சாவளியில் அவள் பெயருக்குக் கீழே பழனிவேலையும் மதிவதனியையும் எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.